மேரி டூ-ஆக்ஸ் எர்லி: கல்யாணம் பண்ணதுக்காக சொந்த ஊர்ல இடமில்லாம போனவங்க (நீளமான இழை, பொறுமையா வாங்க)

வைகைக்கரை

போன வாரம் பொண்ணுங்க சொத்துரிமை பத்தி இங்க ஓடுன இழைல ஒருத்தர், கனடா மாதிரி நாட்டுல இதெல்லாம் எப்பவோ முடிஞ்சுபோன கதைன்னு எழுதியிருந்தார். அங்கயே பதில் போடலாம்னு உக்காந்தேன், எழுத எழுத நீண்டுபோச்சு, அதான் தனி இழையா போடுறேன்.

1985 வரைக்கும் கனடால ஒரு பூர்வகுடிப் பொண்ணு பூர்வகுடி அல்லாத ஒருத்தர கட்டிக்கிட்டா, அன்னையிலருந்து அவ சட்டப்படி பூர்வகுடியே இல்ல. அரசாங்கப் பதிவேட்ல இருந்து பேர எடுத்துருவாங்க. ரிசர்வ்ல (பூர்வகுடிகளுக்குன்னு சட்டப்படி ஒதுக்குன நிலம்) வீடு வச்சிக்க முடியாது, சொத்து வாங்க முடியாது, ஊர்க் கவுன்சில் தேர்தல்ல ஓட்டு கிடையாது, செத்தா ஊர்ல புதைக்கிற உரிமையும் கிடையாது. பிறக்குற பிள்ளைகளுக்கும் இதே கதிதான். புருஷன் செத்தாலும் டைவர்ஸ் ஆனாலும் போன உரிமை திரும்ப வராது. ஆனா அதே வீட்ல அவ கூடப்பிறந்த அண்ணன் ஒரு வெள்ளைக்காரப் பொண்ண கட்டிக்கிட்டு வந்தா, அந்தப் பொண்ணு கழுத்து நீட்டுன அன்னைக்கே சட்டப்படி "இந்தியன்" ஆயிடுவா (அங்க சட்டத்துல பூர்வகுடிக்குப் பேரே இந்தியன்தான்)! அவளுக்கு ரிசர்வ்ல எல்லா உரிமையும் உண்டு. இந்தியன் ஆக்ட்னு அந்தச் சட்டத்துக்குப் பேரு, 1876ல வந்தது, ஆனா கல்யாணம் பண்ணா பொண்ணுக்கு உரிமை போயிடும்ங்கிற விதி அதுக்கும் முன்னாடி 1869லயே வந்துருச்சு.

இத எதிர்த்து வாழ்நாள் பூரா நின்னவங்கள்ல முக்கியமானவங்க மேரி டூ-ஆக்ஸ் எர்லி. 1911 அக்டோபர் 4, கியூபெக் மாகாணத்துல கானவாகேங்கிற, மோஹாக் பூர்வகுடி மக்களோட ஊர்ல பிறந்தாங்க. அம்மா ஒனைடா இனத்தவங்க. 18 வயசுல வேலை தேடி நியூயார்க்ல புரூக்ளினுக்குப் போனாங்க, 1938ல எட்வர்ட் எர்லிங்கிற ஐரிஷ் அமெரிக்க எலெக்ட்ரிகல் இன்ஜினியர கட்டிக்கிட்டாங்க, ரெண்டு பிள்ளைங்க. அவ்ளோதான், கனடா அரசாங்கக் கணக்குல மேரி மோஹாக் இல்ல.

இதுல எனக்கு ரொம்பப் பெருசா படுறது அவங்க போராட ஆரம்பிச்ச வயசு. அம்பத்தஞ்ச நெருங்கும்போதுதான் ஆரம்பிக்கிறாங்க. 1966ல புரூக்ளின்ல அவங்க தோழி ப்ளாரன்ஸ் மாரடைப்புல மேரியோட கையிலயே இறந்துபோறாங்க. அந்தம்மாவும் இதே மாதிரி வெளிய கட்டிக்கிட்டவங்கதான், கானவாகேல இருக்குற தன் வீட்ட வித்துட்டு வெளிய போகணும்னு உத்தரவு வந்து அல்லாடிட்டு இருந்தவங்க. அந்த மன வேதனைதான் அவங்கள கொன்னுச்சுன்னு மேரி கடைசி வரைக்கும் நம்புனாங்க. அடுத்த வருசம், 1967ல, இந்தியப் பெண்களுக்கு சம உரிமை கேட்டு ஒரு அமைப்ப தொடங்குறாங்க.

அது வரைக்கும் ஒரு சாதாரண குடும்பத்து அம்மா, பெரிய அமைப்போ பணமோ கூட இல்ல.

அரியலூர் பாலு

அக்கா ஒரு சந்தேகம். பதிவேட்ல பேர் இல்லாட்டி என்ன, அவங்க மோஹாக்தானே? ரத்தத்த எவன் எடுக்க முடியும்? ஒரு சர்ட்டிபிகேட்டுக்காகவா இவ்ளோ போராட்டம்?

வைகைக்கரை

பாலு, சர்ட்டிபிகேட்தான் வீட்டு வாசல தீர்மானிக்குது. மேரி வீட்டு கதையே பாருங்க. கானவாகேல அவங்க பாட்டி விட்டுட்டுப் போன மரக்கட்டை வீடு ஒண்ணு இருந்துச்சு. அந்த வீடு மேரிக்குத்தான் வந்துச்சு. 1969ல புருஷன் இறந்ததும் ஊருக்கே திரும்பி அந்த வீட்ல இருக்கலாம்னு வர்றாங்க. ஆனா சட்டப்படி அவங்க பேர்ல அத வச்சிக்க முடியாது. அவங்க மகள் கானவாகேல ஒரு மோஹாக் பையன கட்டிக்கிட்டதால மகளுக்கு மட்டும் பதிவேட்ல இருக்குற பூர்வகுடிங்கிற அந்தஸ்து கிடைச்சிருந்துச்சு, வேற வழியில்லாம வீட்ட மகள் பேருக்கு மாத்திட்டாங்க. யோசிச்சுப் பாருங்க, அம்மா மூலமா பிள்ளைக்கு வரவேண்டியது வரல, மருமகன் மூலமா மகளுக்கு வந்துச்சு, அந்த மகள் தயவுல அம்மா தன் பாட்டி வீட்ல விருந்தாளி மாதிரி இருக்காங்க. மகளுக்கு அந்தக் கல்யாணம் அமையலன்னா அந்த வீட்டுக்கும் மேரிக்கும் சட்டப்படி ஒரு சம்பந்தமும் இருந்திருக்காது.

எல்லாத்துக்கும் ஆம்பளை வழியாத்தான் போகணும். அப்பா வழியா, இல்லன்னா புருஷன் வழியா. மோஹாக் மரபு இதுக்கு நேர் எதிர்ங்கிறதுதான் கொடுமை, அங்க குலம் அம்மா வழியாத்தான் வரும். ஆமை, ஓநாய், கரடின்னு மூணு குலம், பிள்ளை அம்மா குலத்தச் சேரும். தலைவர்கள தேர்ந்தெடுக்கிறதும் சரியில்லன்னா இறக்கிவிடுறதும் குலத்தாய்மார் கையில. அப்படிப்பட்ட ஊர்ல விக்டோரியா காலத்து வெள்ளைக்காரன் தன் வீட்டு வழக்கத்த சட்டமாக்கி வச்சுட்டுப் போயிட்டான்.

மொன்றியல்வாசி

வைகை தங்கச்சி, நல்ல இழை. நான் இஞ்ச மொன்றியல்ல கன காலமா இருக்கிறன், எங்கட பக்கம் லசாலில இருந்து மெர்சியர் பாலத்தால இறங்கினா முதல்ல வாறதே கானவாகேதான். எங்கட சனம் கன பேர் அந்த றோட்டால போய் வருவினம், ரெண்டு பக்கமும் சிகரெட் கடையளப் பார்த்துப்போட்டு போயிடுவினம், அந்த ஊருக்கு உள்ள என்ன இருக்கெண்டு ஆரும் பெரிசா கேக்கிறேல்ல. ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுறன், மேரியின்ர கதைக்கு அது வேணும்.

முதலாவது, ஏன் புரூக்ளின்? கானவாகே ஆம்பிளையள் உயரத்தில நிண்டு இரும்பு பூட்டுறதில பேர்போனவை. பாலம், வானுயர் கட்டடம் எண்டா அவையளைத்தான் கூப்பிடுவினம். 1907 ஓகஸ்ட் 29ல கியூபெக் பாலம் கட்டேக்க இடிஞ்சு விழுந்து 75 பேர் செத்ததில 33 பேர் இந்த ஒரே ஊர் ஆக்கள். அந்தக் கல்லறையளில மரச் சிலுவைக்குப் பதிலா இரும்பு உத்தரத்தால செய்த சிலுவை நட்டிருக்கு, போனா இப்பவும் பார்க்கலாம். ஒரு சின்ன ஊரில ஒரே நாளில 33 வீட்டில சாவு. அதுக்குப் பிறகு எல்லா ஆம்பிளையளும் ஒரே வேலைக்குப் போகக்கூடாது எண்டு பெம்பிளையள் நிண்டு பிடிச்சதாச் சொல்லுவினம். அப்பிடிப் பிரிஞ்சு போனவையில கன பேர் நியூயோர்க்குக்குப் போய் புரூக்ளின்ல ஒரு பகுதியில குடும்பம் குடும்பமா இருந்தவை. அங்க ஒரு தேவாலயத்தில மோஹாக் மொழியில பூசை நடந்தது, பாதிரியார் அந்த மொழியைப் படிச்சுப் பேசினவர். லீவு கிடைச்சா காரில ஊருக்கு ஓடியாறது. ஆகவே மேரி ஊரை விட்டிட்டுப் போனவ எண்டு ஆரும் நினைக்கக்கூடாது, அந்த ஊரின்ர பாதி உயிர் புரூக்ளின்லதான் இருந்தது.

ரெண்டாவது நிலம். 1950களில சென் லோரன்ஸ் கடல்வழிக் கால்வாய் வெட்டுறதுக்கெண்டு அரசாங்கம் கானவாகேயின்ர ஆத்தங்கரையைப் பிடுங்கினது. ஆத்தோட பிறந்து வளர்ந்த ஊர், இப்ப தேவாலயத்துக்கு முன்னால நிண்டு பார்த்தா கப்பல் போற கால்வாய்தான் தெரியும், ஆறு அதுக்கு அங்கால. வீடு போன சனம், நீச்சலடிச்ச கரை போன சனம். அதால "வெளியாள் வந்தா நிலம் போயிடும்" எண்ட பயம் அந்த ஊரில சும்மா வந்த பயமில்லை. இதை மனசில வச்சுக்கொண்டு மிச்சத்தைக் கதைப்பம்.

வைகைக்கரை

அண்ணே, அந்த இரும்புச் சிலுவை விஷயம் எனக்குத் தெரியாது. நன்றி. கால்வாய் விஷயம் இந்த விவாதத்துக்கு ரொம்ப முக்கியம்.

கீழ்வானம்

அண்ணா சொன்னதத்தான் நானும் சொல்ல வந்தேன். இங்க எல்லாரும் கவுன்சில்காரங்கள வில்லனாக்கிருவீங்கன்னு பயந்துட்டே படிச்சேன். நூறு வருசமா நிலத்த இழந்துட்டே வந்த ஒரு கூட்டம், மிச்சம் இருக்குறது ஒரு சின்ன ரிசர்வ், வெளி ஆம்பளைங்க மருமகனா வந்து குடியேறி வீடு வாங்கி அடுத்த தலைமுறைல ஊரே கைமாறிடும்னு பயப்படுறதுல என்ன தப்பு? தன் கூட்டத்துல யாரு இருக்கணும்னு அந்தக் கூட்டமேதான் முடிவு பண்ணணும். ஒட்டாவால இருந்து ஒரு பார்லிமென்ட் வந்து "இவங்களையும் சேத்துக்கோ"ன்னு சொல்றதும் பழைய காலனி புத்திதானே.

சட்டப்புத்தகம்

கீழ்வானம் சொல்றதுக்கு ஒரு வரலாறு இருக்கு, அத வச்சுப் பாத்தாத்தான் இந்த சண்டை புரியும். 1969ல பியர் ட்ரூடோ அரசாங்கம் ஒரு கொள்கை அறிக்கை போட்டுச்சு, அப்ப இந்திய விவகார அமைச்சர் ழான் க்ரெட்டியன். இந்தியன் ஆக்ட்ட மொத்தமா தூக்கிடலாம், தனி அந்தஸ்தே வேணாம், எல்லாரும் சாதாரண குடிமக்கள்னு. கேக்க நல்லாருக்கும், ஆனா ரிசர்வ் நிலத்த காப்பாத்திட்டு இருந்த சட்ட வேலியும் அதோட போயிரும். நாடு முழுக்க பூர்வகுடித் தலைவர்கள் எதிர்த்து நின்னாங்க, 1971ல அரசாங்கம் வாபஸ் வாங்குச்சு.

சரியா அதே நேரத்துலதான் ஜானெட் கோர்பியேர் லவெல் கேஸ் வருது. அவங்க மானிட்டூலின் தீவுல விக்வெமிகாங் ஊரைச் சேந்த, அனிஷினாபேங்கிற பூர்வகுடி இனத்துப் பொண்ணு, 1970ல வெள்ளைக்காரர கட்டிக்கிட்டதும் பதிவேட்ல இருந்து எடுத்துட்டோம்னு நோட்டீஸ் வருது, கேஸ் போடுறாங்க. கீழ்க் கோர்ட்ல தோல்வி, 1971ல ஃபெடரல் அப்பீல் கோர்ட்ல ஜெயிச்சாங்க. கூடவே சிக்ஸ் நேஷன்ஸ் ரிசர்வைச் சேந்த இவான் பெடார்ட் கேஸ். புருஷன விட்டுப் பிரிஞ்சு அம்மா எழுதிவச்ச வீட்டுக்கு வந்தவங்கள வெளிய போன்னு கவுன்சில் சொன்ன கேஸ் அது. ரெண்டும் சேந்து சுப்ரீம் கோர்ட் போச்சு. அங்க இந்தப் பொண்ணுங்களுக்கு எதிரா வாதாடுனது அரசாங்கம் மட்டும் இல்ல, நேஷனல் இந்தியன் பிரதர்ஹுட்ங்கிற நாடு தழுவிய பூர்வகுடி அமைப்பும்தான். அவங்க கணக்கு, சட்டத்தின் முன் எல்லாரும் சமம்னு சொல்ற கனடா உரிமைச் சட்டத்த வச்சு இந்தியன் ஆக்ட்ல ஒரு பிரிவ உடைச்சா மொத்தச் சட்டமும் சரிஞ்சு 1969 அறிக்கை பின்வாசல் வழியா வந்துரும்னு. 1973 ஆகஸ்ட்ல 5க்கு 4ன்னு தீர்ப்பு, பொண்ணுங்க தோத்தாங்க.

தீர்ப்போட தர்க்கம் என்னன்னா, சட்டத்தின் முன் சமம்னா சட்டத்த எல்லார் மேலயும் ஒரே மாதிரி பிரயோகிக்கிறது, வெளிய கட்டிக்கிட்ட எல்லா இந்தியப் பொண்ணுங்களையும் ஒரே மாதிரிதான நடத்துறாங்க, அப்ப பாரபட்சம் இல்ல. நான் சட்டம் படிக்கும்போது இத படிச்சுட்டு திரும்பத் திரும்பப் படிச்சேன், இப்படிக்கூட எழுத முடியுமான்னு. எல்லாப் பொண்ணுங்களையும் ஒரே மாதிரி வெளிய தள்ளுனா சமத்துவம்! போரா லாஸ்கின் உட்பட நாலு நீதிபதிகள் இத ஏத்துக்கல, ஆனா எண்ணிக்கைல ஒண்ணு குறைஞ்சுது.

வைகைக்கரை

கீழ்வானம், பயத்த நான் மறுக்கல. அந்தக் கால்வாய்க்குப் பிறகு பயப்படாம இருந்தாத்தான் ஆச்சரியம். ஆனா வெளியாள் வந்து நிலம் போயிடும்ங்கிற பயம்தான் காரணம்னா, வெள்ளைக்காரப் பொண்டாட்டி வந்தப்ப மட்டும் அந்தப் பயம் எங்க போச்சு? அவளுக்கு முழு அந்தஸ்து, அவ பிள்ளைகளுக்கு முழு அந்தஸ்து, புருஷன் செத்தாலும் அவ அங்கயே இருக்கலாம். அந்த ஊர்ல பிறந்து, அந்த மொழி பேசி வளர்ந்த மேரிக்கு இல்ல. வெளியாள் கணக்கு பாத்தா ரெண்டு பக்கமும் ஒரு வெளியாள் வர்றார்தானே? ஆக இது நிலத்தப் பத்துன விதி கிடையாது, நிலத்தச் சொல்லி பொண்ணுங்கள வெளிய வச்ச விதி.

"கூட்டமே முடிவு பண்ணணும்"னு சொல்றீங்க, அந்தக் கூட்டத்துல பாதிப் பேரு பொண்ணுங்க. பான்ட் கவுன்சில், அதாவது ரிசர்வ்வோட ஊர்க் கவுன்சில் தேர்தல்ல பொண்ணுங்களுக்கு ஓட்டு வந்ததே 1951லதான். அது வரைக்கும் ஆம்பளைங்க மட்டும் ஓட்டுப் போட்டு ஆம்பளைங்க மட்டும் உக்காந்த கவுன்சில். அத மோஹாக் மரபுன்னு சொல்ல முடியுமா?

மேரி ஒரு நாளும் இந்தியன் ஆக்ட்ட தூக்குங்கன்னோ ரிசர்வ்வ கலைங்கன்னோ கேக்கல. ஊருக்குள்ள இருக்கணும்னுதான் கேட்டாங்க. ஊர வெறுக்குறவ திரும்பிவர்றதுக்கு முப்பது வருசம் ஏங்க மாட்டா.

மொன்றியல்வாசி

வைகை சொல்லுறதுக்கு இன்னொண்டு சேர்க்கிறன். பான்ட் கவுன்சில் எண்ட அமைப்பே இந்தியன் அக்ட் கொண்டுவந்து திணிச்சது. கானவாகேயில அதை இண்டைக்கும் ஏற்காத, பழைய மோஹாக் ஆட்சி முறையான நீள்வீட்டு மரபைப் பின்பற்றுற ஆக்கள் இருக்கினம். ஆனா நேர்மையாச் சொல்லவேணும், அந்த மரபுப் பக்கத்திலயும் வெளியில கட்டினவையை ஊருக்குள்ள விடக்கூடாது எண்டு உறுதியா நிண்டவை இருந்தவை. மரபு முழுக்க மேரியின்ர பக்கம், கவுன்சில் முழுக்க எதிர்ப்பக்கம் எண்டு பிரிக்கேலாது. அக்கம்பக்கம் ஒரே குடும்பத்துக்குள்ளயே ரெண்டு பக்கம். மேரி அந்த ஊரிலயேதான் இருந்து இதைச் செய்தவ, காலமை தெருவில இறங்கினா எதிர்க்கிற ஆக்களின்ர முகத்தைப் பார்க்கவேணும். ஒட்டாவாவில பேசுறதைவிட அதுக்குத்தான் கூடத் துணிவு வேணும்.

அரியலூர் பாலு

அந்த 1975 மெக்சிகோ விஷயத்த யாராச்சும் எழுதுங்களேன், எங்கயோ அரைகுறையா கேள்விப்பட்டிருக்கேன்.

வைகைக்கரை

எழுதுறேன் பாலு, எனக்கு ரொம்பப் பிடிச்ச இடமே அதுதான்.

1975 ஐநா சபை அறிவிச்ச சர்வதேச மகளிர் ஆண்டு. மெக்சிகோ சிட்டில உலக மாநாடு. மேரியும் போயிருக்காங்க. இவங்க அங்க இருக்கும்போதே ஊர்ல இருந்து சேதி வருது, கானவாகே கவுன்சில் மேரிக்கும் இன்னும் 60 பொண்ணுங்களுக்கும் ஊர விட்டு வெளியேறச் சொல்லி நோட்டீஸ் குடுத்துருச்சுன்னு. ஆள் ஊர்ல இல்லாத நேரமா பாத்து. 63 வயசு விதவை, நாடு விட்டு நாடு வந்த இடத்துல வீட்ட காலி பண்ணுன்னு சேதி. மேரி என்ன பண்ணாங்கன்னா அந்த மாநாட்லயே எழுந்து சொல்லிட்டாங்க. உலகம் பூரா இருந்து வந்த பொண்ணுங்க முன்னாடி, பத்திரிகைக்காரங்க முன்னாடி, எங்க ஊர்ல இப்ப எங்களுக்கு இதுதான் நடக்குதுன்னு. கனடாவுக்கு அங்க தலைய தூக்க முடியல. செய்தி உலகம் பூரா போச்சு, நோட்டீஸ வாபஸ் வாங்குனாங்க.

அதுக்கு முன்னாடியே 1968ல பெண்கள் நிலைய ஆராயுற ராயல் கமிஷன் முன்னாடி சாட்சி சொல்லியிருக்காங்க. அதுக்கு வழிகாட்டுனது தெரேஸ் காஸ்க்ரைன், கியூபெக்ல பொண்ணுங்களுக்கு ஓட்டுரிமை வாங்கிக்குடுக்க போராடுனவங்க. கமிஷனுக்குப் போகாதீங்கன்னு ஊர்ல இருந்து அழுத்தம் இருந்தும் பொண்ணுங்க கூட்டமா போனாங்க. 1970ல கமிஷன் அறிக்கை வந்துச்சு, இந்தப் பிரிவ மாத்தணும்னு பரிந்துரை பண்ணுச்சு, அரசாங்கம் அத வாங்கி வச்சுட்டு பதினஞ்சு வருசம் சும்மா இருந்துச்சு. 1974ல கியூபெக் பூர்வகுடிப் பெண்கள் சங்கம் ஆரம்பிச்சதுலயும் மேரிக்கு பங்கு உண்டு.

தாழம்பூ

மேரியம்மா பத்தி மட்டும் பேசிட்டு டோபிக் பொண்ணுங்கள விட்டுட்டா பாவம் பிடிக்கும் நமக்கு. நியூ பிரன்ஸ்விக் மாகாணத்துல டோபிக் ரிசர்வ், மாலிசீட் மக்கள். அங்க ஆரம்பிச்சதே அந்தஸ்து பிரச்சனை இல்ல, வீட்டுப் பிரச்சனை. வீடு எல்லாம் ஆம்பளை பேர்லதான், புருஷன் அடிச்சு வெளிய தள்ளுனா பொண்டாட்டியும் பிள்ளையும் தெருவுல, கவுன்சில் கிட்ட போனா வீடு கிடையாது. 1977ல பொறுக்க முடியாம பொண்ணுங்க பிள்ளைகளோட கவுன்சில் ஆபீஸ்க்குள்ள போய் உக்காந்துட்டாங்க, மாசக்கணக்குல அங்கயே சமையல் தூக்கம் எல்லாம். ஊர்லயே ஏச்சு, மிரட்டல்.

அவங்கள்ல ஒருத்தங்கதான் சாண்ட்ரா லவ்லேஸ். அமெரிக்க விமானப்படைக்காரர கட்டிக்கிட்டு கலிபோர்னியா போனவங்க, அது முறிஞ்சு கைப்பிள்ளையோட ஊருக்குத் திரும்பி வந்தா நீ இந்தியனே இல்ல உனக்கு வீடு இல்லன்னுட்டாங்க. 1979 ஜூலைல இந்தப் பொண்ணுங்க ஓக்கால இருந்து ஒட்டாவா வரைக்கும் நூறு மைலுக்கு மேல குழந்தைகளோட நடந்தே போனாங்க, கடைசில பிரதமர் ஜோ கிளார்க் அவங்கள சந்திச்சார். நான் இதப் படிச்சப்ப அந்த வெயில்ல தள்ளுவண்டில பிள்ளைய வச்சுட்டு நடந்தத மட்டுமே நெனச்சுட்டு இருந்தேன். உள்ளூர்ல பேசி, கவுன்சில்ல பேசி, மாகாணத்துல பேசி எதுவும் நடக்காமத்தான் ரோட்டுக்கு வந்தாங்க, யாரும் முதல் நாளே ரோட்டுக்கு வர்றதில்ல.

சட்டப்புத்தகம்

தாழம்பூ சொன்ன சாண்ட்ரா லவ்லேஸோட கேஸ்தான் கனடாவ அசைச்ச கேஸ். சுப்ரீம் கோர்ட் 1973லயே கதவ சாத்திட்டதால உள்நாட்ல போக இடமில்ல, 1977 டிசம்பர்ல ஐநா மனித உரிமைக் குழுவுக்கு நேரடியா புகார் அனுப்புறாங்க. 1981 ஜூலை 30 முடிவு வருது, கனடா மீறியிருக்குன்னு.

இதுல ஒரு நுணுக்கம். ஆண் பெண் பாரபட்சம்னு நேரா சொல்லல. ஏன்னா அவங்க கல்யாணம் 1970, அந்த சர்வதேச உடன்படிக்கை கனடாவுக்கு அமலுக்கு வந்தது 1976. அதனால குழு 27ஆம் விதிய பிடிச்சுது. சிறுபான்மை இனத்தவர் தன் கூட்டத்தோட சேந்து தன் பண்பாட்ட அனுபவிக்கிற உரிமை. அவங்க கூட்டம் வாழ்ற ஒரே இடம் டோபிக், அங்க வசிக்க விடாட்டி அந்த உரிமை இன்னைக்கும் தொடர்ந்து மீறப்படுதுன்னு. கீழ்வானம், உங்க வாதத்துக்கு இதுலயே பதில் இருக்குன்னு எனக்குப் படுது. கூட்டு உரிமையும் அந்தப் பொண்ணோட தனி உரிமையும் ஒண்ணுக்கொண்ணு எதிரின்னு எல்லாரும் பேசிட்டு இருந்தப்ப, கூட்டத்துல சேந்து வாழ்றதே அவளோட உரிமைன்னு அந்த முடிவு சொல்லுச்சு.

சாண்ட்ரா 2005ல கனடா செனட்டர் ஆனாங்க.

வைகைக்கரை

1983 மார்ச். ஒட்டாவால பிரதமரும் மாகாண முதல்வர்களும் பூர்வகுடித் தலைவர்களும் உக்காந்து அரசியலமைப்புல பூர்வகுடி உரிமை பத்திப் பேசுற மாநாடு. டிவில ஓடுது. மேரிக்கு மேஜைல இடம் இல்ல. கியூபெக் முதல்வர் ரெனே லெவெக் தன் நாற்காலிய அவங்களுக்குக் குடுத்தார். பிரதமர் ட்ரூடோ உக்காந்திருக்க அந்த மேஜைல 71 வயசு மோஹாக் பாட்டி ஒரு முதல்வரோட நாற்காலில இருந்து பேசுறாங்க, மனசாட்சியக் கேட்டுப் பாருங்க, என் சகோதரிகள விடுவிச்சுருங்கன்னு கேக்குறாங்க. தன் வீட்டப் பத்தி பேசல பாருங்க, சகோதரிகள்னுதான் கேட்டாங்க.

அந்த மாநாட்டுல இருந்து வந்த திருத்தம் பூர்வகுடி உரிமைகள் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமம்னு அரசியலமைப்புலயே எழுதுச்சு. புது உரிமைச் சாசனத்தோட சமத்துவப் பிரிவு 1985 ஏப்ரல் 17 அமலுக்கு வந்துச்சு, இனிமே பழைய பிரிவ வச்சிருந்தா கோர்ட்ல நிக்காது. 1985 ஜூன் 28, வெளிய கட்டிக்கிட்டா உரிமை போகும்ங்கிற விதிய எடுத்து, போனத திருப்பிக் குடுத்த சி-31 மசோதா சட்டமாச்சு. அடுத்த வாரமே டொரோண்டோல ஒரு விழா, அமைச்சர் டேவிட் கிராம்பி கையால நாட்டுலயே முதல் ஆளா அந்தஸ்த திரும்ப வாங்குனாங்க மேரி. 73 வயசு. இனிமே சொந்த ஊர்ல சட்டப்படி வாழலாம், சொத்து வச்சிக்கலாம், செத்தா என் சனத்தோட புதைக்கப்படலாம்னு சொன்னாங்க. அதுக்குப் பிறகு ஒரு லட்சத்துக்கும் மேல ஆளுங்க அந்த சட்டத்தால பதிவேட்டுக்குள்ள வந்தாங்க. 1996 ஆகஸ்ட் 21 கானவாகேலயே இறந்தாங்க, ஊர் கல்லறைலயே அடக்கம்.

கீழ்வானம்

எல்லாரும் அழகா எழுதிருக்கீங்க, மேரி மேல எனக்கும் மரியாதை உண்டு. ஆனா கதை அங்க முடியலையே. சி-31 வந்த பிறகும் கானவாகே தன் சொந்த உறுப்பினர் விதிய விடல. 1981ல இருந்தே வெளிய கட்டிக்கிட்டா ஊர்ல இருக்க முடியாதுன்னு விதி வச்சிருந்தாங்க, இந்த முறை ஆணோ பெண்ணோ ரெண்டு பேருக்கும். ஒட்டாவா கொடுத்த அந்தஸ்து ஒரு பக்கம், ஊர் கணக்கு இன்னொரு பக்கம். 2018ல கியூபெக் கோர்ட் அந்த விதி பாரபட்சம்னு தீர்ப்பு சொல்லுச்சு. ஆனா ஊர்ல பலபேருக்கு இன்னும் கோபம், எங்க உறுப்பினர் யாருன்னு வெளிக் கோர்ட் சொல்றதான்னு. அந்தக் கேள்விய நீங்க யாரும் இன்னும் முழுசா எடுத்துக்கல.

சி-31ல இன்னொரு அநியாயம், இத்தனை ஆயிரம் பேர் திரும்ப வர்றாங்க, நிலம் ஒரு ஏக்கர் கூடல, வீடு கட்ட ஒதுக்குன பணம் பத்தல. உள்ள இருந்தவனையும் வெளிய இருந்து வந்தவளையும் ஒரே வீட்டுக்கு அடிச்சுக்க விட்டது அரசாங்கம்.

மொன்றியல்வாசி

கீழ்வானம் தம்பி, கடைசியாச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. திரும்பி வந்த பெம்பிளையளை "சி-31" எண்டே பேர் வச்சுக் கூப்பிட்டவை, ஏதோ மசோதாவில பிறந்த பிள்ளையள் மாதிரி. அந்தக் கசப்புக்கு அரைவாசிக் காரணம் வீடும் காசும் இல்லாததுதான். பிடுங்கினவனும் ஒட்டாவா, திருப்பிக் குடுக்கேக்க ஊரின்ர பங்கில இருந்து குடுத்தவனும் ஒட்டாவா.

ஆனா கோட்டுக்குப் போனவை ஆர் எண்டு பாரும். அந்த ஊர் ஆக்களே, மோஹாக் சனமே. வெளியாள் வந்து வழக்குப் போடேல்லை.

அரியலூர் பாலு

அப்ப இப்ப எல்லாம் சரியாயிடுச்சா சட்டத்துல? இல்ல இன்னும் ஏதாச்சும் பாக்கி இருக்கா?

சட்டப்புத்தகம்

பாக்கி இருக்கு பாலு, அதுவும் பெரிய பாக்கி. 1985ல அந்தஸ்த திருப்பிக் குடுக்கும்போதே ரெண்டு வகையா பிரிச்சாங்க. 6(1), 6(2)ன்னு. ரெண்டு பெற்றோரும் பதிவானவங்கன்னா பிள்ளை 6(1). ஒருத்தர் மட்டும் 6(1), இன்னொருத்தர் வெளியாள்னா பிள்ளை 6(2). அந்த 6(2) பிள்ளை வெளிய கட்டிக்கிட்டா அதோட பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல. அதாவது தொடர்ந்து ரெண்டு தலைமுறை வெளிய கட்டிக்கிட்டா மூணாவது தலைமுறை பதிவேட்ல இருக்காது.

இதுல பொண்ணுங்களுக்கு ஒரு தலைமுறை முன்னாடியே வெட்டு விழுந்துச்சு. 1985க்கு முன்னாடி வெளிய கட்டிக்கிட்ட அண்ணனோட பொண்டாட்டிக்கு ஏற்கனவே அந்தஸ்து குடுத்தாச்சு, அதனால அவர் பிள்ளை 6(1). அதே மாதிரி கட்டிக்கிட்ட தங்கச்சி பிள்ளை 6(2). ஒரே தாத்தா பாட்டி, ரெண்டு பேரப்பிள்ளை, ரெண்டு விதி. பிரிட்டிஷ் கொலம்பியால ஷாரன் மெக்கைவர்ங்கிற பூர்வகுடி வக்கீலம்மா இத எதிர்த்து 2009ல அப்பீல் கோர்ட்ல ஜெயிச்சாங்க, அரசாங்கம் 2010ல குறைஞ்சபட்சத் திருத்தம் மட்டும் பண்ணுச்சு. அவங்க விடல, ஐநா குழுவுக்குப் போனாங்க, 2019 ஜனவரில அங்கயும் அவங்களுக்கு சாதகமா முடிவு. நடுவுல 2015ல கியூபெக்ல இதே மாதிரி மிச்சமிருந்த பாரபட்சத்த எதிர்த்து டெஷெனோ வழக்கு, அதுக்குப் பிறகு அத திருத்த எஸ்-3 மசோதா, அது முழுசா அமலுக்கு வந்தது 2019 ஆகஸ்ட் 15. 1869ல ஆரம்பிச்ச ஆண் பெண் வித்தியாசத்த எடுக்க 150 வருசம்.

தாழம்பூ

ஒவ்வொரு தடவையும் ஒரு பொண்ணு கோர்ட்டுக்குப் போனாத்தான் ஒரு அங்குலம் நகருது, தானா ஒரு அரசாங்கமும் முழுசா திருத்தல. மேரி, ஜானெட், இவான், சாண்ட்ரா, ஷாரன். ஒவ்வொருத்தருக்கும் பத்து வருசம் இருபது வருசம் போயிருக்கு.

கீழ்வானம்

சரி, எஸ்-3 வந்துட்டா அந்த ரெண்டாம் தலைமுறை வெட்டும் போயிடுச்சா?

சட்டப்புத்தகம்

இல்ல. அதான் சொல்ல வந்தேன். இப்ப அந்த வெட்டு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி விழுது. அதனால ஆண் பெண் பாரபட்சம்னு கேஸ் போட முடியாது. சின்ன ரிசர்வ்கள்ல கட்டிக்கிற வயசுல சொந்தமில்லாத பதிவான ஆள் கிடைக்கிறதே கஷ்டம், அதனால சில தலைமுறைல பதிவேடு தானா கரைஞ்சுரும்னு பல ஊர்கள்ல பேசுறாங்க. ஒரு பெற்றோர் பதிவாயிருந்தா போதும்னு மாத்துங்கன்னு கேக்குறாங்க, ஒட்டாவா "கலந்து பேசிட்டு இருக்கோம்"னு சொல்லிட்டே இருக்கு. கீழ்வானம், நீங்க ஆரம்பத்துல கேட்டீங்களே, யாரு உள்ள யாரு வெளியன்னு அந்த மக்களே முடிவு பண்ணணும்னு, அந்த வாதத்த நான் இந்த இடத்துல உங்களோட சேந்தே பேசுவேன்.

வைகைக்கரை

நானும். ஆனா அந்த முடிவெடுக்குற மேஜைல இந்த முறை பொண்ணுங்களுக்கு சொந்த நாற்காலி இருக்கணும்.

கானவாகே உறுப்பினர் விதி இப்ப எந்த நிலைல இருக்குன்னு மொன்றியல் அண்ணனுக்கு அங்க யாராச்சும் பழக்கமிருந்தா கேட்டுச் சொல்லுங்க, அத தனி இழையா போடலாம்.

மொன்றியல்வாசி

என்னோட வேலை செய்யிற ஒரு மோஹாக் மனிசி இருக்கிறா, வெளியில கட்டின ஆளின்ர மகள்தான். அவ பகிரச் சம்மதிச்சா அவவின்ர சொல்லிலயே எழுதுறன், இல்லாட்டி பொதுவில இருக்கிறதை மட்டும் போடுறன்.

அரியலூர் பாலு

காத்திருக்கோம் அண்ணே. அதுக்குள்ள நான் அந்த 1981 ஐநா முடிவ முழுசா படிச்சுட்டு வர்றேன், 27ஆம் விதி பத்தி சட்டப்புத்தகம் அண்ணன்கிட்ட நெறைய கேக்கணும்.